ஆள் சேர்க்காமல் வாடிக்கையாளர் விசாரணைகளைச் சமாளிக்க: முதல் ஆட்டோமேஷன் அமைக்கும் முறை

சிறு தொழிலில் புது வாடிக்கையாளர் கைநழுவிப் போவது பெரும்பாலும் விலையால் அல்ல. விசாரித்தவருக்கு அன்றைக்கே பதில் போயிருக்காது. அல்லது விலை சொன்ன பிறகு “என்ன முடிவு செய்தீர்கள்?” என்று யாரும் திரும்பக் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த இரண்டு வேலைக்கும் ஆள் வைக்கத் தேவையில்லை. ஒரு படிவம், ஒரு ஷீட், இரண்டு இலவசக் கணக்குகள் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். உட்கார்ந்து செய்தால் அரை நாள் வேலை.

முடித்த பிறகு நடப்பது இதுதான்: விசாரித்தவுடன் அவருக்குத் தானாக ஒரு பதில் போகும். விலை சொல்வது நீங்கள். சொல்லி 3 நாளாகியும் பதில் வரவில்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல் தானாகப் போகும்.

முதலில் கணக்குப் போடுங்கள்

இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வாருங்கள்: என்ன வேலை, ஒரு நாளில் எத்தனை தடவை, தடவைக்கு எத்தனை நிமிடம். “தகவல் கிடைத்தது, விரைவில் சொல்கிறோம்” என்று எழுதி அனுப்பும் வேலைக்கு 4 நிமிடம், அது நாளுக்கு 12 தடவை என்றால் 48 நிமிடம் போகிறது. மாதம் 26 வேலை நாளுக்கு ஏறத்தாழ 21 மணி நேரம். இப்படிப்பட்ட வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை வரும் வேலையை விட்டுவிடுங்கள், அமைக்கும் நேரம் திரும்பக் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் யோசித்து முடிவெடுக்கும் வேலை எத்தனை தடவை வந்தாலும் இதற்கு ஒத்துவராது.

படி 1: படிவம்

கூகுள் ஃபார்ம்ஸில் நான்கே கேள்விகள் வையுங்கள்: பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, என்ன தேவை. மின்னஞ்சலைக் கட்டாயமாக்கி, பதில் சரிபார்ப்பில் மின்னஞ்சல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் பாதி முகவரியோடு வரும் வரிசைகள் பின்னால் தானியங்கி ஓட்டத்தையே நிறுத்தும். கேள்விகள் கூடக்கூட நிரப்புகிறவர்கள் குறைவார்கள். பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் இந்தக் கட்டத்தில் உங்களுக்கு எதற்கு?

பதில்கள் பகுதியிலிருந்து புது ஷீட் ஒன்றை இணையுங்கள். அதன் அமைப்புகளில் நாட்டையும் நேர மண்டலத்தையும் சரிசெய்யுங்கள். 03/04 என்பது மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்பதை அந்த அமைப்புதான் தீர்மானிக்கிறது. அது தவறாக இருந்தால் பின்னால் நினைவூட்டல் ஒரு மாதம் தள்ளிப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது.

தொலைபேசி நெடுவரிசையை வெறும் உரையாக மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றாவிட்டால், தொலைபேசியில் விசாரித்தவர்களை நீங்களே கையால் சேர்க்கும்போது எண்ணின் முன்னால் இருக்கும் சுழியமும் கூட்டல் குறியும் உதிர்ந்துவிடும்.

படி 2: ஷீட்டில் மூன்று நெடுவரிசைகள்

படிவத்தின் நெடுவரிசைகளுக்கு வலப்பக்கம் இவற்றைச் சேருங்கள்: “நிலை”, “விலை சொன்ன தேதி”, “இன்று அனுப்பு”. நடுவில் நுழைக்க வேண்டாம். பின்னால் வேறு ஏதாவது வேண்டுமானாலும் வலக்கோடியில்தான் சேர்க்க வேண்டும். இணைப்புக் கருவி (ஷீட், மின்னஞ்சல் போன்றவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இணையச் சேவை, படி 3, 4இல் வரும்) நெடுவரிசையை அதன் இடத்தை வைத்து அடையாளம் காண்கிறது. நடுவில் ஒன்று நுழைந்தால் மின்னஞ்சல் இருந்த இடத்தில் தொலைபேசி எண் வந்து நிற்கும்.

இந்த அமைப்பு முழுவதும் “நிலை” நெடுவரிசையை நம்பித்தான் நிற்கிறது. அதில் கையால் தட்ட விடாதீர்கள். கீழிறங்கு பட்டியலாக வைத்து ஆறே சொற்கள் கொடுங்கள்: விலை சொன்னது, அனுப்புகிறது, நினைவூட்டியது, ஒப்புக்கொண்டார், வேண்டாம் என்றார், முடிந்தது. கையால் தட்டினால் என்றாவது ஒரு நாள் சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும். உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சூத்திரத்துக்கு வெவ்வேறு.

விலை சொன்னதும் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: நிலையை “விலை சொன்னது” என்று மாற்றுவது, பக்கத்தில் அன்றைய தேதியைப் போடுவது. கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் தேதி வந்துவிடும்.

“இன்று அனுப்பு” நெடுவரிசையில் சூத்திரம் வேண்டும். விதி இது: நிலை “விலை சொன்னது” என்று இருக்க வேண்டும், தேதிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அந்தத் தேதியோடு 3 கூட்டினால் இன்றைய தேதியோ அதற்கு முந்தியதோ வர வேண்டும். மூன்றும் பொருந்தினால் “ஆம்”, இல்லையென்றால் காலி.

புதிதாகச் செய்பவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். முதலாவது: சூத்திரத்தை 500 வரிசைக்கு முன்கூட்டியே இழுத்து வைப்பது பயன் தராது. படிவம் ஒவ்வொரு பதிலுக்கும் புது வரிசையை நுழைக்கிறது; உங்கள் சூத்திரங்கள் கீழே தள்ளப்பட்டு, புது வரிசை காலியாகவே நிற்கும். அதனால் தலைப்பு வரிசையிலேயே அரேஃபார்முலாவாக ஒரே சூத்திரம் எழுதி, முழு நெடுவரிசைக்கும் அது பொருந்தும்படி செய்யுங்கள். இரண்டாவது: அரேஃபார்முலாவுக்குள் ஆண்ட் சூத்திரம் (எல்லா நிபந்தனையும் உண்மையா என்று பார்ப்பது) வரிசை வரிசையாக வேலை செய்யாது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விடை தரும். நிபந்தனைகள் ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, நடுவில் நட்சத்திரக் குறி வைத்துப் பெருக்குங்கள். எல்லாம் உண்மையானால் பெருக்கல் 1, ஒன்று பொய்யானாலும் 0.

இந்தத் தேதிக் கணக்கை இணைப்புக் கருவிக்குள்ளேயும் செய்யலாம். செய்யாதீர்கள். ஷீட்டில் இருந்தால் யாருக்கு ஏன் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம்; கருவிக்குள் போனால் அமைத்தவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

படி 3: உடனடிப் பதில்

இதற்கு ஜேப்பியர் என்ற இணைப்புக் கருவி. அதன் இலவசக் கணக்கில் ஒரு தூண்டுதல், ஒரு செயல் என்று இரண்டு படிதான் கட்டலாம். நமக்கு அது போதும். தூண்டுதல்: கூகுள் ஃபார்ம்ஸில் புதுப் பதில். செயல்: ஜிமெயிலில் மின்னஞ்சல் அனுப்பு. பெறுநர் இடத்தில் படிவத்தின் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்து, கடிதத்தில் பெயரையும் தேவையையும் செருகுங்கள்.

“வணக்கம் (பெயர்), உங்கள் விசாரணை கிடைத்தது. நீங்கள் கேட்டது: (தேவை). அடுத்த வேலை நாள் மாலைக்குள் விலை விவரம் அனுப்புகிறோம். அவசரம் என்றால் இந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுங்கள்.”

அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வது முக்கியம், தவறாக எழுதியிருந்தால் அவரே திருத்தி அனுப்புவார். காலக்கெடுவைக் காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள். இயந்திரம் கொடுத்த வாக்கானாலும் வாடிக்கையாளருக்கு அது உங்கள் வாக்குதான்.

இலவசக் கணக்கில் மாதத்துக்கு 100 செயல்கள். வெற்றியாக முடிந்த செயல் மட்டுமே கணக்கில் ஏறும், சும்மா சரிபார்ப்பது ஏறாது. மாதம் 100 விசாரணைக்கு மேல் வந்தால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு விசாரணை வந்தால் அது தாங்கக்கூடிய செலவுதான்.

படி 4: நினைவூட்டல்

இதற்கு மூன்று நான்கு படிகள் தேவை என்பதால் மேக் டாட் காம் என்ற இன்னொரு இணைப்புக் கருவி. அதன் இலவசக் கணக்கில் மாதம் 1000 கிரெடிட். பொதுவாக ஒரு தொகுதி (ஓட்டத்தின் ஒரு படி) ஒரு தடவை ஓடினால் ஒரு கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜேப்பியரில் இல்லாத ஒரு பொறி இங்கே உண்டு. எதுவும் கிடைக்காவிட்டாலும் தேடிப் பார்த்ததற்கு ஒரு கிரெடிட் போகும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடவிட்டால் நாளுக்கு 96 தடவை, 1000 கிரெடிட்டும் 11 நாளில் தீர்ந்துவிடும், ஒரு கடிதம்கூட அனுப்பாமல். நினைவூட்டலுக்கு நாளுக்கு ஒரு ஓட்டம் போதும். வேலை நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் காலை 9:30 என்று வையுங்கள். கணக்கின் நேர மண்டலமும் ஷீட்டின் நேர மண்டலமும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகுதிகளின் வரிசை:

1. ஷீட்டில் வரிசைகளைத் தேடு. நிபந்தனை: “இன்று அனுப்பு” என்பது “ஆம்”. உச்ச வரம்பு 10.
2. அந்த வரிசையின் நிலையை “அனுப்புகிறது” என்று மாற்று. மற்றக் கட்டங்களைக் காலியாக விடுங்கள், அவை மாறாது.
3. மின்னஞ்சல் அனுப்பு.
4. நிலையை “நினைவூட்டியது” என்று மாற்று.

இரண்டாவது தொகுதி எதற்கு என்று தோன்றும். கடிதம் போன பிறகு, நிலையை மாற்றுவதற்கு முன் இணைப்பு அறுந்தால் அந்த வரிசை இன்னமும் “விலை சொன்னது” என்றே இருக்கும். மறுநாளும் போகும், அதற்கு அடுத்த நாளும் போகும். முன்கூட்டியே “அனுப்புகிறது” என்று குறித்துவிட்டால், நடுவில் எது அறுந்தாலும் வரிசை அந்தச் சொல்லிலேயே சிக்கி நிற்கும். நீங்கள் அனுப்பிய அஞ்சல்களைப் பார்த்துக் கையால் சரிசெய்யலாம். ஒரே வாடிக்கையாளருக்கு ஐந்து நினைவூட்டல் போவதைவிட ஒன்றும் போகாமல் இருப்பது மேல்.

செலவு: தேடலுக்கு 1, வரிசைக்கு 3. நாளுக்கு 10 வரிசை என்றால் 31 கிரெடிட், 30 நாள் ஓடினாலும் 930. வரம்பை 10 என்று வைத்தது அதற்காகத்தான்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வடிகட்டி போடுங்கள்: மின்னஞ்சல் கட்டம் காலியாக இல்லை. கையால் சேர்த்த வரிசையில் முகவரி இல்லாமல் இருக்கலாம். வடிகட்டி இல்லாவிட்டால் அந்த ஒரு வரிசையோடு ஓட்டம் நின்று, பின்னால் இருப்பவர்களுக்கும் கடிதம் போகாது. வடிகட்டிக்குக் கிரெடிட் கிடையாது.

மின்னஞ்சல் தொகுதியில் தனிப்பட்ட ஜிமெயில் கணக்கை நேரடியாக இணைப்பது தொடக்கக்காரர்களுக்குத் தலைவலி. எளிய வழி: கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் (வெளிச் செயலிகளுக்கான தனிக் கடவுச்சொல்) ஒன்றை உருவாக்கி, ஜிமெயிலின் எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் சேவையகம்) முகவரியோடு போர்ட் 465இல் இணையுங்கள். வழக்கமான கடவுச்சொல்லைப் போட்டால் ஏற்காது. சொந்த டொமைனிலிருந்து அனுப்புவதானால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை (கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வருகிறது என்று காட்டுபவை) முதலில் சேருங்கள். கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கண்டிப்பாக இருக்கிறது. பதிவு இல்லாத கடிதம் குப்பை அஞ்சலுக்குப் போகும், அல்லது திரும்பி வரும்.

கடிதம் சிறியதாக இருக்கட்டும்: “(தேதி) அன்று அனுப்பிய விலை விவரம் பார்த்தீர்களா? மாற்றம் வேண்டுமானால் சொல்லுங்கள். இப்போது வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று பதில் போட்டால் போதும், மறுபடி எழுதமாட்டோம்.” அப்படிப் பதில் வந்தால் அன்றே நிலையை மாற்றுங்கள்.

படி 5: சோதனை

ஷீட்டில் நான்கு போலி வரிசைகள் போடுங்கள். நான்கிலும் நிலை “விலை சொன்னது”. முதலாவது, உங்கள் சொந்த மின்னஞ்சல், 4 நாள் முந்தைய தேதி. இரண்டாவது, அதே முகவரி, இன்றைய தேதி. மூன்றாவது, மின்னஞ்சல் காலி, பழைய தேதி. நான்காவது, தேதி காலி. கையால் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே ஒரு கடிதம் வர வேண்டும். இரண்டு வந்தால் சூத்திரத்தில் தேதிக் கணக்கைப் பாருங்கள், ஒன்றும் வராவிட்டால் நிலைச் சொல்லின் எழுத்தைப் பாருங்கள். உடனே மறுபடி ஓட்டுங்கள்: இம்முறை எதுவும் வரக் கூடாது. இந்த இரண்டாவது ஓட்டத்தைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். இரட்டைக் கடிதப் பிழை சிக்குவது அதில்தான்.

இயக்குவதற்கு முன் பழைய வரிசைகளின் நிலையை “முடிந்தது” என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் போன வருடம் விசாரித்தவர்களுக்கெல்லாம் நாளுக்குப் பத்துப் பேர் வீதம் கடிதம் போகத் தொடங்கும். முதல் வாரம் தினமும் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நேர அட்டவணைக்கு விடுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

ஓட்டம் நடக்கும் நேரத்தில் ஷீட்டை அகர வரிசைப்படுத்தாதீர்கள். கருவி தேடும்போது வரிசை எண்ணைத்தான் குறித்துக்கொள்கிறது. நடுவில் வரிசைகள் இடம் மாறினால் வேறொருவரின் நிலை மாறிவிடும். வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டுமானால் வடிகட்டிப் பார்வையைப் பயன்படுத்துங்கள். அது மூல வரிசையைத் தொடாது.

அட்டவணைப்படி ஓடும் ஓட்டம் தொடர்ந்து சில தடவை பிழையானால் மேக் அதைத் தானாக நிறுத்திவிடும். அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். கணக்குத் தொடங்கியபோது கொடுத்த, யாரும் திறக்காத முகவரிக்கு அது போனால் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் கிடக்கும். தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். வாரத்துக்கு ஒருநாள் “அனுப்புகிறது” என்று சிக்கிய வரிசைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இதையே வாட்ஸ்அப்புக்கு நீட்ட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் வரவேற்புச் செய்தி, முதன்முறை எழுதுபவருக்கும் 14 நாள் பேச்சு இல்லாமல் இருந்து எழுதுபவருக்கும் தானாகப் போகும். உடனடிப் பதிலுக்கு அது போதும். நினைவூட்டலுக்கு ஏபிஐ வழி (மென்பொருள் மூலம் செய்தி அனுப்பும் இணைப்பு) வேண்டும். அங்கே வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்கூட்டி ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்தி மட்டுமே அனுப்பலாம். 3 நாள் கழித்துப் போகும் நம் கடிதம் அந்த வகையில்தான் விழும்.

ஜிமெயில் கடவுச்சொல்லை என்றைக்காவது மாற்றினால் செயலிக் கடவுச்சொற்கள் எல்லாம் ரத்தாகிவிடும். அன்றே புதிதாக ஒன்று எடுத்து மேக்கில் மாற்றுங்கள், படி 5இன் முதல் வரிசையை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.