வேற்றுலக உயிரித் திகில் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் குறும்படம் எடுக்க முனையும் இளைஞர்கள், வேற்றுலக உயிரி மனிதரை வேட்டையாடும் கதைகளை எழுதி என்னிடம் படிக்கத் தருகிறார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றுள் பலவற்றில் வருவது உயிரி அன்று. வானத்திலிருந்து இறங்கிய பேய். அது ஏன் கொல்கிறது என்று கேட்டால் விடையில்லை. முதன்மையான தவறு இதுவே.

உயிர் என்றால் பசி வேண்டும், இனம் பெருக வேண்டும். நம் வீட்டுச் சுவர்களில் மண்கூடு கட்டும் குளவி வகை ஒன்று, கூட்டுக்குள் முட்டையிட்டு, கொட்டி மயக்கிய பச்சைப்புழுக்களை உள்ளே அடைத்து, வாயை மண்ணால் பூசிவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு, உயிரோடு அசையாமல் கிடக்கும் அவற்றைத் தின்று வளர்கிறது. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நாம் கேட்டு வளர்ந்த வழக்கின் பின்னால் இருப்பது இந்தக் காட்சிதான். குளவிக்குப் புழுவின்மேல் பகை எதுவும் இல்லை. 1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' படத்தின் உயிரியும் மனித உடலை இவ்வாறே பயன்படுத்துகிறது. பகையற்ற அந்தத் தேவையே அதன் திகிலுக்கு வேர் என்பது என் உறுதியான கருத்து.

மனிதரைத் தின்னவே வந்தது என்று எழுதுவோரும் சற்று நிதானிக்க வேண்டும். புரதங்களின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள், நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு அமைப்புகளில் இருக்கக்கூடும். நம் புரதங்கள் 'இடக்கை' அமைப்புள்ளவற்றால் ஆனவை. வந்த உயிரியின் உடல் 'வலக்கை' அமைப்பில் உருவாகியிருந்தால், நம்மைத் தின்றாலும் அதற்குப் பெரும்பாலும் செரிக்காது. அப்படியானால் அதற்கு நம்மிடம் வேண்டியது என்ன? உடலின் வெப்பமா, உப்பா? அந்தக் கேள்வியிலிருந்து புதிய கதை பிறக்கும்.

அளவிலும் கவனம் தேவை. எறும்பை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெருக்கினால் எடை 1,000 மடங்காகும். கால்களின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான் கூடும். யானை அளவு எறும்பால் எழுந்து நிற்கவே இயலாது. எதையும் தின்னாமல் ஓரிரவில் ஆளுயரம் வளர்வதும் இத்தகைய பிழையே; நான் மிகவும் மதிக்கும் 'ஏலியன்' படமும் இதற்கு விலக்கன்று.

உயிரியை முதல் காட்சியிலேயே முழுதாகக் காட்டிவிடுவது மற்றொரு தவறு. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டில், வேர்களுக்கிடையே நீர் ஒருமுறை சலசலத்து அடங்குவதைக் காட்டினாலே போதும்.

பாத்திரங்களை அறிவற்றவர்களாக்குவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 2004 ஆழிப்பேரலையையும் 2011 தானே புயலையும் கடந்துவந்த கடற்கரை மக்கள், இருளில் கேட்ட சத்தத்தை நோக்கித் தனியே நடந்துபோக மாட்டார்கள். அக்கம்பக்கத்தாரை எழுப்புவார்கள், பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார்கள். அன்று மாலை ஒரு பறவைகூடக் காட்டுக்குத் திரும்பவில்லை என்பதை, துடுப்பை நிறுத்திவிட்டு முதலில் கவனிப்பவர் படகோட்டியாகவே இருப்பார்.