தொலைநோக்கி இல்லாமல் விண்மீன் திரள்களைக் காண்பது எப்படி?

இரவு வானில் தனித்தனிப் புள்ளிகளாக நாம் காணும் விண்மீன்கள் அனைத்தும் நமது விண்மீன் திரளான பால்வீதியைச் சேர்ந்தவை. அதற்கு வெளியே உள்ள திரள்களுள் வெறுங்கண்ணுக்கு எளிதில் எட்டுபவை மூன்றுதான்: ஆந்திரமீடா, பெரிய மெகல்லன் மேகம், சிறிய மெகல்லன் மேகம். இவற்றைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் இருண்ட வானமும் இருளுக்குப் பழகிய கண்களும் கட்டாயம் வேண்டும்.

அமாவாசையை ஒட்டிய சில இரவுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நிலவு அடிவானத்திற்குக் கீழே இருக்கும் நேரமானால் மற்ற நாள்களும் உதவும். நகரத்தின் ஒளி மங்கலான எதையும் விழுங்கிவிடும் என்பதால், விளக்குகளிலிருந்து இயன்ற அளவு விலகிச் செல்ல வேண்டும். பால்வீதியின் வெண்மையான பட்டை கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அது தெரியும் இடத்தில் ஆந்திரமீடாவும் தெரியும்.

இடத்தை அடைந்ததும் தேடத் தொடங்கிவிடக் கூடாது. கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அதற்கிடையில் கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் அந்தக் காத்திருப்பு வீணாகிவிடும். வரைபடத்தைப் பார்க்க வேண்டுமானால் மங்கலான சிவப்பு விளக்கைப் பயன்படுத்துங்கள். இதைவிட முக்கியமானது பார்க்கும் முறை. விழித்திரையின் நடுப்பகுதியில் உள்ள கூம்புச் செல்களுக்கு நல்ல வெளிச்சம் தேவை. மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் அதைச் சுற்றிலுமே செறிந்துள்ளன. எனவே, தேடும் பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். பார்வையைச் சற்றே பக்கவாட்டில் நிறுத்தி, கடைக்கண்ணால் கவனித்தால் மீண்டும் தோன்றும். தொடக்கத்தில் இது விந்தையாக இருந்தாலும், சிறிது நேரப் பயிற்சியிலேயே கைவந்துவிடும் திறன் இது.

ஆந்திரமீடாவைத் தேட, வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான முன்னிரவே சிறந்த காலம். முதலில் நான்கு விண்மீன்கள் மூலைகளாக அமைந்த பெகாசஸ் சதுரத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் மேற்குப் பக்கத்து இரு விண்மீன்கள் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. சதுரத்தின் வடகிழக்கு மூலையில் இருப்பது அல்ஃபெராட்ஸ். அங்கிருந்து வடகிழக்காக நீளும் வரிசையில், அதே அளவு ஒளியுடன் அடுத்து வரும் விண்மீன் மிராக். மிராக்கிலிருந்து, W வடிவ விண்மீன் கூட்டமான காசியோப்பியாவின் பக்கமாகத் திரும்பினால், மங்கலான இரு விண்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; அவற்றுள் இரண்டாவதற்கு மிக அருகில் இருக்கும் நீள்வட்டச் சாம்பல் நிறத் தீற்றலே ஆந்திரமீடா.

ஒளிப்படங்களில் காணும் வண்ணச் சுருள்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். நீண்ட நேரம் ஒளியைச் சேகரித்த படங்களில் அத்திரள் முழுநிலவைப் போல் ஆறு மடங்கு அகலம் கொண்டதாக இருந்தாலும், நம் கண்ணுக்கு எட்டுவது அதன் ஒளிமிக்க நடுப்பகுதி மட்டுமே. அந்தத் தீற்றலைப் பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964-ஆம் ஆண்டு வாக்கிலேயே ஒரு சிறு மேகமாகக் குறித்து வைத்தார். அது பால்வீதிக்கு வெளியே உள்ள தனித் திரள் என்பதற்கான சான்று, 1923-இல் வானியலாளர் எட்வின் ஹபிள் அதில், தொலைவைக் கணக்கிட உதவும் ஒரு மாறொளிர் விண்மீனை (ஒளி கூடிக் குறையும் விண்மீனை) கண்டறிந்த பிறகே கிடைத்தது. ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது என்பதை அறிந்து பார்க்கும்போது, அந்த மங்கல் ஒரு குறையாகவே தோன்றாது.

மிராக்கின் மறுபுறத்தில், ஏறத்தாழ அதே தொலைவில், முக்கோணத் திரள் உள்ளது. அதன் ஒளி பரந்து கிடப்பதால் மிக இருண்ட வானில் மட்டுமே, அதுவும் கடைக்கண் பார்வைக்கே, தென்படும். ஆந்திரமீடா எளிதாகத் தெரியும் இரவுகளில் மட்டும் இதை முயன்று பார்ப்பதே பொருத்தம்.

மெகல்லன் மேகங்கள் தென் அரைக்கோளத்தின் செல்வம். நவம்பர் முதல் ஜனவரி வரை முன்னிரவில், தெற்கு வானில், பால்வீதியிலிருந்து பிய்ந்து விழுந்த துண்டுகள் போல அவை தெரியும். நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பவர்களுக்கு அடிவானத்தை ஒட்டியே தோன்றும். பெரியது ஏறத்தாழ 1.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலும், சிறியது ஏறத்தாழ 2 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. 1987-இல் பெரிய மேகத்தில் வெடித்த மீயொளிர் விண்மீனை (சூப்பர்நோவாவை) மக்கள் வெறுங்கண்ணாலேயே கண்டனர். பார்ப்பது உண்மையான மேகமோ என்ற ஐயம் எழுந்தால் அரை மணி நேரம் பொறுத்திருங்கள்: மேகமானால் விண்மீன்களைக் கடந்து நகர்ந்துவிடும் அல்லது உருமாறிவிடும், திரளானால் அருகிலுள்ள விண்மீன்களுடன் சேர்ந்தே நகரும்.