கிறிஸ்தவர் ஊராட்சித் தலைவரானால்: விசுவாசத்தையும் பதவியையும் சேர்த்துக் காப்பது எப்படி

மேசையில் அம்மன் கோவில் கொடை விழா அழைப்பிதழ் வெற்றிலை பாக்கோடு இருக்கிறது. பக்கத்தில் சொந்தச் சபையின் கட்டட மனு இருக்கிறது. இரண்டுக்கும் என்ன பதில் என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் தடுமாற்றம்தான் வரும். வேட்புமனு வாங்குவதற்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டிய காரியங்கள் இவை. தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியை மனதில் வைத்தே எழுதுகிறோம். சட்டமன்ற உறுப்பினருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒரு கோட்டை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு செய்வது, அதாவது கும்பிடுவது, உண்பது, பூசிக்கொள்வது, உங்கள் மனச்சாட்சிக்கு உரியது. உங்கள் கையெழுத்து செய்வது ஊருக்கு உரியது. முன்னதில் ஊர் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது; பின்னதில் உங்கள் சபை உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்தக் கோட்டிலிருந்து வருவதுதான்.

வேட்புமனுவுக்கு முன்: சாதிச் சான்றிதழ்

வலிக்கும் இடம் இது என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியேதான். ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போய்க்கொண்டே, பழைய 'இந்து' சான்றிதழைக் காட்டிப் பட்டியல் சாதியினருக்கான தொகுதியில் மனுத் தாக்கல் செய்தால், தோற்றவர் வழக்குப் போட ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் ஒன்று போதும். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வேலைவாய்ப்பு வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. திருமுழுக்குப் பெற்று ஆலயத்துக்குப் போய்வரும் ஒருவர், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

அந்த மூன்றாம் பத்தி அநீதி என்பதே எங்கள் எண்ணம். மதம் மாறியதால் சேரியும் ஊரும் ஒன்றாகிவிடவில்லை. பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தனி வரிசை உண்டு. அதை எதிர்த்து மனுக் கொடுங்கள், ஆகஸ்ட் 10 கறுப்பு நாளில் தெருவில் நில்லுங்கள். உறுதிமொழிப் பத்திரத்தில் மட்டும் பொய் எழுதாதீர்கள். பொய்யில் தொடங்கிய பதவியை ஐந்து ஆண்டும் பயந்துகொண்டேதான் காக்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்தை வைத்து உங்களை ஆட்டுவிக்க ஊரில் ஆள் இருக்கும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். உள்ளாட்சியில் அந்தப் பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது. ஆகவே பொது வார்டோ, பெண்ணாக இருந்தால் பொதுப் பெண்கள் வார்டோதான் நேர்வழி.

வாக்குக் கேட்கும்போது

ஆலயத்துக்குள் வாக்குக் கேட்காதீர்கள். ஆராதனை முடிந்து அறிவிப்பு நேரத்தில் போதகர் "நம்ம பிள்ளை நிற்கிறார்" என்று சொல்லவும் விடாதீர்கள். தேர்தல் நடத்தை விதிகள் வழிபாட்டிடங்களில் பரப்புரையைத் தடுக்கின்றன. சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் இது இன்னும் கடுமை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவுப்படி மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை. அந்த மதம் வேட்பாளருடையதாக இருந்தாலும் வாக்காளருடையதாக இருந்தாலும் ஒன்றுதான் என்று 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. "இவருக்குப் போடாவிட்டால் தேவகோபம் வரும்" என்கிற பேச்சு 123(2)-ன்படி தகாத செல்வாக்கு. வெற்றியே ரத்தாகலாம், ஆறு ஆண்டுவரை போட்டியிடத் தடையும் வரலாம்.

போதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: ஜெபிப்பதானால் எல்லா வேட்பாளர்களுக்கும், பெயர் சொல்லாமல் ஜெபிக்கட்டும்.

பதவியேற்பு

பதவியேற்புப் படிவம் இரண்டு வழி தருகிறது: கடவுள் பெயரால் ஆணையிடுவது, உளமார உறுதி கூறுவது. மத்தேயு 5:34, யாக்கோபு 5:12 ஆகிய வசனங்களை வைத்து ஆணையிடவே கூடாது என்று நம்பும் சபைகள் உண்டு. அந்த நம்பிக்கை உள்ளவர் 'உளமார' என்ற வழியை எடுத்தால் போதும், சிக்கலே இல்லை. முந்தின நாளே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். படிவத்தில் உள்ளதை அப்படியே வாசியுங்கள். "இயேசுவின் நாமத்தில்" என்று சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள். கேரளத்தில் 2001-ல் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் உறுதி எடுத்த ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பதவியேற்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அவர் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

அலுவலக அறையில் சிலுவைப் படமோ வசனக் காலண்டரோ மாட்ட வேண்டாம். அரசு அலுவலகங்களில் கடவுள் படங்கள் கூடாது என்ற சுற்றறிக்கை அண்ணா காலத்திலிருந்தே, 1968 முதல் இருக்கிறது. பல அலுவலகங்களில் அது காற்றில் பறக்கிறது என்பது தெரிந்ததே. ஆனாலும் முன்பு இருந்த பிள்ளையார் படத்தைப் பதவியேற்ற முதல் வாரத்தில் நீங்களே கழற்றாதீர்கள். அதை ஊர் விதியாகப் பார்க்காது, மதமாகத்தான் பார்க்கும்.

கொடை, பூமி பூஜை, திருநீறு

திருவிழாவுக்கான ஊராட்சி வேலையை யாரும் கேட்பதற்கு முன் முடித்துவிடுங்கள். பத்து நாள் முன்னதாகத் தெருவிளக்கு பழுது பார்க்க வேண்டும், வாய்க்கால் தூர் வார வேண்டும், குடிநீர்த் தொட்டி கழுவிக் குளோரின் போட வேண்டும், மறுநாள் குப்பை எடுக்க ஆள் சொல்லி வைக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் இதே பட்டியல், இதே தரம். கோவில் தெருவில் விளக்கு எரியாத ஊரில், தலைவர் திருநீறு பூசினாரா இல்லையா என்பதே பெரிய பேச்சாகிவிடும். விளக்கு எரிகிற ஊரில் பெரும்பாலானோர் அதைக் கேட்பதே இல்லை.

சடங்கைப் பற்றிய பேச்சைத் தனியாக, ஒரு வாரம் முன்பே, கோவில் தர்மகர்த்தாவின் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். "அண்ணாச்சி, வேலை எல்லாம் என் பொறுப்பு. வந்து முன்வரிசையில் உட்காருவேன். பரிவட்டம், முதல் மரியாதை மட்டும் துணைத் தலைவருக்கோ ஊர்ப் பெரியவருக்கோ கொடுத்துவிடுங்கள். என் விசுவாசத்தில் அதை வாங்கிக்கொள்ள முடியாது." இவ்வளவு போதும். ஆயிரம் பேர் பார்க்க, தட்டு நீட்டிய பிறகு கையை இழுத்துக்கொள்வதுதான் அவமானமாகும். அப்படியும் யாராவது நீட்டிவிட்டால் இரு கையும் கூப்பி வணக்கம் சொல்லுங்கள், முகம் திருப்பாதீர்கள்.

பிரசாதத்தில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. குடும்பங்களில் வாங்கிக்கொள்வோர் உண்டு. பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலும் தொடமாட்டார்கள். 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை உங்கள் ஆயரோடு உட்கார்ந்து படித்து ஒரு முடிவுக்கு வாருங்கள். எந்த முடிவானாலும் எல்லாத் தெருவிலும் அதுவே இருக்கட்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்: வாக்குக் கேட்கும்போது நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, ஜெயித்த பிறகு 'என் விசுவாசம்' என்று நழுவுவது. ஊர் மன்னிக்காதது இதைத்தான். விசுவாசத்தால் விலகுகிறவரை ஊர் பொறுத்துக்கொள்ளும், ஏமாற்றியவரைப் பொறுக்காது.

அடிக்கல் நாட்டு விழாவில் பூஜை வைப்பார்கள். பூஜை முடியும் நேரம் கேட்டு, அதன் பின் வந்து கல்லை எடுத்து வையுங்கள். அதே நியாயப்படி, ஊராட்சிக் கட்டடத் திறப்புக்கு உங்கள் போதகரை அழைத்து ஜெபம் செய்யச் சொல்லவும் கூடாது.

சபையிலிருந்து வரும் மனு

வெளியிலிருந்து வரும் நெருக்கடியைவிட இது கடினம், ஏனென்றால் கேட்பவர்கள் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், உங்களுக்காக உபவாசித்தவர்கள். புதிய ஆலயம் கட்ட அனுமதி கேட்டால், அது உங்கள் கையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள்: கட்டட விதிகளின்படி பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். புறம்போக்கிலோ தெரு ஓரத்திலோ சிறு கெபி (மாதா குகை), குருசடி (சிலுவைச் சிற்றாலயம்) வைக்கவும் இடமில்லை. பொது இடங்களில் புதிய வழிபாட்டுக் கட்டுமானம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்று உத்தரவிட்டது. 'வீடு' என்று வரைபடம் காட்டி ஜெபக்கூடம் கட்டுவதற்குக் கண்ணை மூடிக்கொள்ளும்படி கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒரு புகார் வந்தால் சீல் வைக்கப்படுவது ஆலயம்; அங்கே கூடும் ஏழைகள்தான் தெருவில் நிற்பார்கள்.

ஆலயத் தெருவுக்குப் பேவர் பிளாக் கேட்பது நியாயமான மனு. அதையும் மற்ற மனுக்களைப் போலத் தேதியிட்டுப் பதிவேட்டில் ஏற்றி, வரிசைப்படி எடுங்கள். நீங்கள் சேகரக் கமிட்டி (சபையை நிர்வகிக்கும் குழு) உறுப்பினராக இருந்தால் பதவிக்காலம் முழுவதும் அதிலிருந்து விலகி நில்லுங்கள். கல்லறைத் தோட்ட எல்லை போன்ற தகராறு மன்றக் கூட்டத்துக்கு வந்தால், உங்களுக்குத் தொடர்பு உண்டு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, அந்தப் பொருளுக்குத் துணைத் தலைவரைத் தலைமை தாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது காணிக்கை. ஒப்பந்ததாரர் கமிஷன் நீட்டுகிறார், நீங்கள் மறுக்கிறீர்கள். "அப்ப உங்க சர்ச்சுக்குக் காணிக்கையா போட்டுடுறேன் தலைவரே" என்கிறார். நல்லவர்கள் விழும் பள்ளம் இதுதான், பக்தியின் உடையில் வருவதால். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தனக்கென்று வாங்கினாலும் இன்னொருவருக்கென்று வாங்கினாலும் ஒன்றாகவே பார்க்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. யாத்திராகமம் 23:8 பரிதானம் (லஞ்சம்) வாங்காதே என்று சொல்லும்போது, ஆலயத்துக்கு என்றால் வாங்கலாம் என்று விதிவிலக்கு எழுதவில்லை. பில் நிலுவையில் உள்ள ஒப்பந்ததாரரிடமிருந்து எந்தத் தொகையும் ஏற்கவேண்டாம் என்று சபைப் பொருளாளரிடம் எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

மதுக்கடையும் கிராம சபையும்

உங்கள் நம்பிக்கையைப் பொது முடிவாக்க விரும்பும் இடங்கள் உண்டு. டாஸ்மாக் கடை அதில் முதன்மை. கிராம சபையில் வசனத்தை எடுத்தால் பாதிப் பேர் அந்த நிமிடமே விலகிவிடுவார்கள். கடைக்கும் பள்ளிக்கும் இடையே டேப் பிடித்து அளந்து பாருங்கள். விதிப்படி மாநகராட்சி, நகராட்சி தவிர்த்த இடங்களில் 100 மீட்டர் இடைவெளி வேண்டும். விபத்து நடந்த தேதிகள், பெண்கள் சுய உதவிக் குழுவின் கையெழுத்துகள், வழித்தட வரைபடம் ஆகியவற்றை வைத்துத் தீர்மானம் கொண்டுவாருங்கள். வேதத்தை அறியாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணம் கையில் இல்லையென்றால், அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரும் நேரம் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சிக்கலும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபை நாள்களும் எந்தக் கிழமையிலும் விழலாம். 2022-ல் மே 1, அக்டோபர் 2 இரண்டுமே ஞாயிறு. தேதியை மாற்றக் கேட்காதீர்கள். அதிகாலை ஆராதனை இருக்கும் ஆலயத்துக்குப் போய்விட்டு, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பந்தலில் இருங்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்து வைப்பது உங்கள் கையாக இருக்கட்டும்.