குழந்தைக்காக ஊரில் டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் இதைப் படியுங்கள்

"என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" ஊருக்குப் போன இரண்டாம் நாளே யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு. கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்த எங்களுக்கு அப்படி இல்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகவில்லை. அடுத்த வருடம் போனதே சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் டாக்டரைப் பார்க்கத்தான். நாங்கள் இருக்கும் நாட்டில் வரிசை நீளம், ஊரில் சீக்கிரம் பார்க்கலாம், தமிழில் பேசலாம். கணக்கெல்லாம் சரிதான். ஒரே ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டோம்.

மூன்று வார லீவு. இறங்கிய அன்று எனக்கு பீரியட்ஸ் வந்து பதினோராம் நாள். டாக்டர் கடைசித் தேதியைக் கேட்டார், சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். "அடுத்த பீரியட்ஸ் ரெண்டாம் நாள் வாங்கம்மா." அந்த இரண்டாம் நாள் வந்தபோது திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள்தான் மிச்சம்.

ஆகவே முதல் விஷயம்: டிக்கெட்டை லீவு பார்த்துப் போடாதீர்கள், மாதவிலக்குத் தேதி பார்த்துப் போடுங்கள். எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ரடையால் போன்ற ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனையை மாதவிலக்கின் 2 அல்லது 3-ஆம் நாள் எடுத்தால்தான் அடிப்படை அளவு தெரியும். சினைப்பையில் எத்தனை சிறு முட்டைப்பைகள் இருக்கின்றன என்று ஸ்கேனில் எண்ணுவதும் அந்த நாட்களில்தான். ரத்தப்போக்கு நின்ற பிறகு, கருமுட்டை வெடிக்கும் முன், சுமாராக 6 முதல் 11-ஆம் நாளுக்குள், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரே. அதன் பின் முட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்கள். எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகப் போய் இறங்கினால், அடுத்த இரண்டு வாரத்தில் பெண்ணுக்கான பரிசோதனை ஏறக்குறைய எல்லாமே முடிந்துவிடும். பீரியட்ஸ் ஒழுங்காக வராதவர்கள், குறிப்பாகப் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ளவர்கள், கிளம்பும் முன்பே மையத்தில் பேசி, அதை வரவழைக்க மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டு நீங்களாகவே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதல் சந்திப்புக்கும் சிகிச்சைக்கும் ஒரே பயணம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் முறை என்றால், முட்டை வளர்க்கும் ஊசி மட்டும் சுமார் 10 முதல் 12 நாள். கடைசி ஊசி போட்ட 36 மணி நேர அளவில் முட்டை எடுப்பார்கள். கரு ஆய்வகத்தில் 3 அல்லது 5 நாள் வளரும். கருப்பையில் வைத்த பின் ரத்தப் பரிசோதனைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். கருவை உறைய வைத்து அடுத்த மாதம் வைப்பது இன்று சாதாரணம். அப்படியானால் இன்னொரு மாதம் சேரும். மூன்று வார லீவில் இத்தனையும் அடங்காது. முதல் பயணத்தை "எங்களுக்கு என்ன பிரச்சினை" என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தெரிந்துகொண்ட அன்றே முன்பணம் கட்டச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள்.

அப்புறம் கணவர் விஷயம். நம்மவர்களில் மனைவிக்கு ஸ்கேன், ஹெச்எஸ்ஜி, வயிற்றில் சிறு துளை போட்டுப் பார்க்கும் லேப்ரோஸ்கோப்பி வரை போய்விட்டு, "சரி, உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா" என்று கடைசியில் கணவரைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்தணு பரிசோதனை மலிவானது, வலியில்லாதது, எந்த நாளிலும் எடுக்கலாம். 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆவதால், போன மாதம் வந்த கடும் காய்ச்சல்கூட இந்த அறிக்கையைக் கெடுத்திருக்கலாம். அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர் என்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆண்மைக்கு நல்லது என்று நினைத்துப் போடும் அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

இருக்கும் நாட்டிலேயே முடிக்கக்கூடியவை இன்னும் சில: தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், சர்க்கரை, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், ரூபெல்லா அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி. ரூபெல்லா தடுப்பூசி தேவைப்பட்டால் அதைப் போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஊருக்குப் போய் அதைக் கண்டுபிடித்தால் அந்த மாதமும் வீண். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் இப்போதே தொடங்கலாம். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவும். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பரிசோதனைகளை நீங்கள் எடுத்துப் போனாலும் அங்கே திரும்ப எடுப்பார்கள். அதற்கு வாதாட வேண்டாம்.

ஃபைல்தான் உங்கள் வாய். டாக்டர் உங்களுக்குத் தரும் நேரம் கால் மணியோ அரை மணியோ. வெளியே டோக்கன் பிடித்து நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இருவர் வயது, எத்தனை வருடமாக முயல்கிறீர்கள், கடந்த ஆறு மாத பீரியட்ஸ் தேதிகள், இதுவரை செய்த சிகிச்சைகள், தற்போதைய மாத்திரைகள். முன்பு ஐவிஎஃப் செய்திருந்தால் எந்த ஊசி, என்ன அளவு, எத்தனை முட்டை, எத்தனை கரு என்ற சுருக்கத்தை அந்த மருத்துவமனையில் கேட்டு வாங்கிவிடுங்கள். "பண்ணினோம், நிக்கலை" என்பதில் டாக்டருக்கு ஒன்றும் இல்லை. நார்வேஜிய மொழியிலோ ஜெர்மனிலோ இருக்கும் அறிக்கைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஹெச்எஸ்ஜி என்றால் அறிக்கை மட்டும் போதாது, படத்தையும் எடுத்துப் போங்கள்.

அலகுகளில் ஒரு பொறி இருக்கிறது. சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஹார்மோன் ஏஎம்ஹெச். என் ஏஎம்ஹெச் அளவு வெளிநாட்டு அறிக்கையில் 10. சென்னை லேபில் 1.4. ஒரே மாதத்தில் முட்டை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். இரண்டும் ஒரே அளவுதான். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் பைக்கோமோல் கணக்கு, இந்தியாவில் நானோகிராம் கணக்கு. பைக்கோமோலை 7.14-ஆல் வகுத்தால் நானோகிராம் வந்துவிடும்.

மறைக்கக்கூடாத சங்கதிகளும் உண்டு. சிறு வயதில் காசநோய் வந்ததா? பிறப்புறுப்புக் காசநோய் நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கு ஒரு முக்கியக் காரணம். கணவருக்கு வயது வந்த பிறகு பொன்னுக்குவீங்கி வந்ததா? அத்தை மகன், மாமன் மகள் கல்யாணமா? முன்பு கரு கலைந்ததா, கலைத்ததா? கடைசிக் கேள்விக்கு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உண்மை வராது. அதனால் உள்ளே நீங்கள் இருவர் மட்டும் போங்கள். "அத்தை, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க, டாக்டர் அப்படித்தான் சொல்றாங்க" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடலாம், அவர்களுக்கு இது பழக்கம். கணவர் முன்னாலும் பேச முடியாதது இருந்தால், ஸ்கேன் அறையில் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். சாப்பிடும் நாட்டு மருந்து, சித்த லேகியம் எல்லாவற்றின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50 வயது, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரம்பு. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதல் நிலை மையத்தில் ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) மட்டும்தான், ஐவிஎஃப் செய்ய இரண்டாம் நிலைப் பதிவு தேவை. பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பாஸ்போர்ட்டோடு கல்யாணச் சான்றிதழும் வேண்டும், அதைப் பலர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். தங்கச்சி முட்டை தருவாள் என்ற திட்டம் நடக்காது. தானம் முட்டை, விந்தணு வங்கி வழியாகத்தான், தருபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், தேர்ந்தெடுப்பதும் சொல்வதும் குற்றம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு மிக முக்கியமானது இது: உறைய வைத்த கருவை நினைத்தபோது டொராண்டோவுக்கோ சிட்னிக்கோ எடுத்துப் போக முடியாது. சொந்தக் கருவுக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். இரண்டாவது குழந்தைக்கும் ஊருக்குத்தான் வர வேண்டியிருக்கும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ளவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. மற்றவர்கள், குறிப்பாக ஐரோப்பிய, கனடியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத்தமிழர்கள், சிகிச்சைக்கு மருத்துவ விசாவும் உடன் வருபவருக்கு உதவியாளர் விசாவும் எடுப்பதே பாதுகாப்பு.

டாக்டரிடம் கேட்க வேண்டியது நிறைய. அதில் இரண்டை மட்டும் விடாதீர்கள். "என் வயதுக்காரர்களில் நூறு பேருக்கு எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்?" கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனவர்கள் எண்ணிக்கையைச் சொன்னால், அது வேறு எண் என்று திரும்பவும் கேளுங்கள். "பேக்கேஜில் எது இல்லை?" பெரும்பாலும் ஊசிகள், உறைய வைக்கும் கட்டணம், வருடா வருடம் சேமிப்புக் கட்டணம், அடுத்த மாதம் கருவை வைப்பதற்கான செலவு ஆகியவை வெளியே நிற்கும். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள்.

முடிவுகளுக்குக் காத்திருக்கும் நாட்களில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வருகிறவர்கள் உண்டு. நாங்களும் போனோம். தஞ்சாவூர் பக்கம் போய் வர இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் தேதியோடு மோதாமல்.

கிளம்பும் முன் எல்லா அறிக்கைகளின் நகலையும் ஸ்கேன் படங்களோடு வாங்கி, கைப்பையில் வையுங்கள். அடுத்த பேச்சு வீடியோவிலா, எந்த நாள், எந்த ஊர் நேரம் என்பதை வரவேற்பறையில் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு "காலை பத்து மணி" என்றார்கள். யாருடைய பத்து மணி என்று கேட்காததால் ஒரு வாரம் போனது.