பிஸ்கட்டைத் தின்னுட்டு பாய வந்த நாய், கடைசில எப்படி சரியாச்சு

ஃப்ரெண்டு ஊருக்குப் போறான்னு அவனோட நாட்டு நாயை ஒரு வாரம் அவன் வீட்லயே தங்கிப் பாத்துக்கிட்டேன், தெருவுலேருந்து எடுத்து வளர்த்தது, அவனைத் தவிர யாரையும் நம்பாது. பிரச்னை என்னன்னா கையில இருந்து பிஸ்கட் வாங்கித் திங்கும், தின்னு முடிச்ச அடுத்த செகண்டே உர்ருனு பாய வரும்.

மூணு நாள் வீண். பிஸ்கட்டுக்குப் பதிலா வேகவச்ச சிக்கன் குடுத்தேன், அதே கதை. அதட்டிப் பாத்தேன், உறுமுறதை நிறுத்திட்டு சத்தமே இல்லாம பேன்ட்டைக் கவ்விடுச்சு, உறுமல்தான் நமக்கு இருக்கிற முக்கியமான அலாரம், அதை நானே ஆஃப் பண்ணிருக்கேன்.

நாலாம் நாள்தான் கவனிச்சேன், தீனி ஆசையில கிட்ட வந்துடுது, வாய் காலியானதும்தான் ஐயோ இவ்ளோ பக்கத்துல வந்துட்டோமேன்னு பயந்து பாயுது. அதனால கை நீட்டாம, பக்கவாட்டுல திரும்பி உக்காந்து, சிக்கனை அதுக்குப் பின்னாடி தூக்கிப் போட்டேன். தின்ன விலகிப் போகும், அதுவா திரும்பி வரும், மறுபடி பின்னாடி. ரெண்டு நாள்ல பாயறது நின்னுச்சு, அப்பாடா.

இன்னொண்ணு, நான் வாசப்படில நின்னா மட்டும் மூஞ்சி மாறும், ஓடுற வழியை அடைக்கிறேன்னு நினைக்குது போல, கதவை விட்டுத் தள்ளியே நின்னேன்.

நாயோட ரேபிஸ் ஊசி கார்டை முதல் நாளே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பல்லு பட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு, கார்டு இருக்கேன்னு அசால்ட்டா இருக்காம அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.