சைக்கிளுக்கு நின்று அடிக்கும் பம்ப்: பார்த்துத் தெரிந்து வாங்கும் முறை

கொழும்பில் 2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகள் நீண்டிருந்த காலத்தில் சைக்கிள் வாங்கியவர்கள் பலர். அவ்வாறு வாங்கிய சைக்கிள் வீட்டு மூலையில் ஒதுங்கிவிடுவதற்குக் காற்றில்லாத டயர் ஒன்றே போதும். டியூபில் ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும், இறப்பரின் ஊடாகக் காற்று மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே அகன்ற டயருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறையும், ஒடுங்கிய பந்தய டயருக்கு வாரந்தோறும் காற்றடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயருடன் காலி வீதியின் ஒரு குழியில் இறங்கினால், டியூப், சக்கரத்தின் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் நசிந்து, அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். பெற்றோல் நிலையத்துக் காற்று காருக்காக அமைந்தது. சைக்கிள் டியூபின் கொள்ளளவு மிகச் சிறியது என்பதால், அங்கே ஒரு கணம் தாமதித்தாலும் டியூப் வெடித்துவிடலாம். நிலத்தில் ஊன்றி, கால்களால் மிதித்துக்கொண்டு, இரு கைகளாலும் அடிக்கும் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பதே சரியான வழி. அதை எவ்வாறு தெரிவு செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: வால்வைப் பாருங்கள்

கடைக்குப் புறப்படுமுன் உங்கள் சைக்கிளின் வால்வு மூடியைக் கழற்றிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்று தடித்து, நடுவில் ஒரு சிறு ஊசி தெரிந்தால் அது ஷ்ரேடர் வால்வு. மலைச் சைக்கிள்கள் பலவற்றில் இது இருக்கும். மெலிந்து நீண்டு, உச்சியில் கையால் தளர்த்தக்கூடிய குட்டி நட்டு ஒன்று இருந்தால் அது பிரெஸ்டா. பந்தயச் சைக்கிள்களுக்கு உரியது. அடியில் தடித்து, மேலே மெலிந்து, நடுவில் ஒரு வளைய நட்டினால் இறுக்கப்பட்டிருந்தால் அது டன்லொப் வால்வு. நம் ஊர்களில் வால்கட்டை என்று சொல்லிப் பழகிய இந்த வகையே, பாரம் ஏற்றி ஓட்டும் பழைய பாணிச் சாதாரணச் சைக்கிள்களில் இன்றும் காணப்படுகிறது.

பம்பின் வாயில், அதாவது வால்வில் பூட்டும் முனையில், பிரெஸ்டாவுக்கென உள்ள துளையே பெரும்பாலும் டன்லொப் வால்வுக்கும் பொருந்தும். ஆகவே, ஒரு புறம் ஷ்ரேடருக்கும் மறுபுறம் பிரெஸ்டாவுக்கும் என இரண்டு துளைகள் கொண்ட வாய் உள்ள பம்பை வாங்கினால், வீட்டில் பிள்ளைகளின் சைக்கிள், பெரியவரின் சைக்கிள் என்று எது இருந்தாலும் சமாளிக்கலாம்.

இரண்டாம் படி: தேவையான அமுக்கத்தை அறிந்து, பம்ப் உருளையின் பருமனைத் தீர்மானியுங்கள்

டயரின் பக்கச் சுவரில் அமுக்க அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அது பிஎஸ்ஐயிலோ, பாரிலோ, கிலோ பஸ்காலிலோ இருக்கலாம். 1 பார் என்பது 100 கிலோ பஸ்கால், அதாவது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. மலைச் சைக்கிளின் அகன்ற டயருக்குப் பெரும்பாலும் 30 முதல் 50 பிஎஸ்ஐ வரை போதும். 25 மில்லிமீற்றர் அகலமுள்ள பந்தய டயருக்கு 80 முதல் 100 வரை தேவைப்படும். எந்த டயரானாலும் அதில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

பருமனான பம்புதான் பலமானது என்று பலர் எண்ணி வாங்குகிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. உருளையின் உள்விட்டம் 30 மில்லிமீற்றர் என்றால், டயரில் 100 பிஎஸ்ஐ இருக்கும்போது கைப்பிடியை அமுக்க ஏறத்தாழ 50 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசை வேண்டும். உள்விட்டம் 40 மில்லிமீற்றர் ஆனால் அதே அமுக்கத்துக்கு ஏறத்தாழ 88 கிலோகிராம் வேண்டும். சராசரி உடல் எடையுள்ள ஒருவர் முழுப் பாரத்தையும் கொடுத்தாலும் கைப்பிடி முழுவதும் இறங்காது. மறுபுறம், பருத்த உருளை ஒரு அடியில் அதிகக் காற்றைத் தள்ளும் என்பதால், 40 பிஎஸ்ஐ போதுமான அகன்ற டயரை அது விரைவாக நிரப்பிவிடும். பந்தயச் சைக்கிள் வைத்திருப்பவர் மெலிந்த உருளையையும், மலைச் சைக்கிள் வைத்திருப்பவர் பருத்த உருளையையும் தெரிவு செய்வதே பொருத்தம். வீட்டில் இரண்டும் இருந்தால் மெலிந்ததையே வாங்குங்கள். சில அடிகள் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: அமுக்கமானிக்குக் காசு கொடுப்பதா?

ஷ்ரேடர், பிரெஸ்டா வால்வுகளுக்கு அமுக்கமானி மிகவும் பயனுள்ளது. ஆனால் முகப்பில் 160 பிஎஸ்ஐ வரை எழுதப்பட்ட மானியில் 35ஐத் துல்லியமாக வாசிக்க இயலாது. உங்களுக்குத் தேவையான அளவு முகப்பின் நடுப்பகுதியில் விழும் மானியையே தேடுங்கள்.

பழைய வகை டன்லொப் வால்வின் நிலை வேறு. அதன் உள்ளே காற்றை ஒரே திசையில் விடும் சிறிய இறப்பர் உறை இருக்கிறது. அதை விலக்கித் திறப்பதற்கென்று தனியாக ஓர் அமுக்கம் தேவைப்படுவதால், மானி எப்போதும் டயரில் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். அந்த வகைச் சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர், மானிக்குச் செலவிடும் பணத்தை நல்ல உலோக உருளைக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் ஏறி அமர்ந்ததும் டயரின் அடிப்பகுதி இலேசாகப் பிதுங்கினால் போதுமான காற்று இருக்கிறது. விளிம்பு தரையைத் தொடுமளவுக்குத் தட்டையானால் போதாது.

நான்காம் படி: கடையில் வைத்தே சோதியுங்கள்

கொழும்பில் சைக்கிள் கடைகள் அடுத்தடுத்து இருக்கும் டாம் வீதிக்கு ஒரு காலைப்பொழுதில் போவது நல்லது. ஒரு கடையில் பார்த்ததை அடுத்த கடையில் ஒப்பிடலாம். பெட்டியிலுள்ள படத்தைப் பார்த்து வாங்காமல், பம்பை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வாயின் துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பாதி தூரம் அமுக்கி, அப்படியே சில நொடிகள் பிடியுங்கள். நல்ல பம்ப் என்றால் கைப்பிடி நின்ற இடத்திலேயே எதிர்த்து நிற்கும். சீறும் ஒலியுடன் மெல்ல இறங்கினால் உள்ளே இருக்கும் வாசரோ, குழாய்ப் பொருத்தோ கசிகிறது என்று பொருள்.

அடுத்து, கடையில் நிற்கும் ஒரு சைக்கிளில் பூட்டி அடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். இதற்கு மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காமல் வருவதே நல்லது. அடித்து முடித்துக் கையை எடுத்ததும் கைப்பிடி தானாக மேலெழுந்தால், அடியில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு பழுதாகியிருக்கிறது. இரு பாதங்களும் நன்றாகப் பதியும் அகலம் அடிப்பகுதிக்கு வேண்டும். மெல்லிய பிளாஸ்ரிக் அடிப்பகுதி, வீட்டின் தரை ஓட்டில் வழுக்குவதோடு, உருளை பொருந்தும் இடத்தில் வெடித்தும் விடும். குழாய் ஒரு மீற்றர் அளவில் இருந்தால் போதும்.

இனி, இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. கடைக்காரரிடம், "இதன் வாசரும் வாய் இறப்பரும் தனியாகக் கிடைக்குமா, அண்ணை?" என்று கேளுங்கள். பம்பில் உருளையோ கைப்பிடியோ எளிதில் தேய்வதில்லை. தேய்வது பிஸ்டனில் உள்ள வாசரும், வால்வைக் கவ்விப் பிடிக்கும் இறப்பரும்தான். மேல்மூடி திருகிக் கழற்றக்கூடியதாகவும், இந்த இரண்டு பொருட்களும் கிடைக்கக்கூடியதாகவும் இருந்தால், ஒரு பம்ப் நெடுங்காலம் உழைக்கும். மூடி ஒட்டப்பட்டிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசர் தேயும் நாளில் அது குப்பைக்குத்தான் போகும்.

ஐந்தாம் படி: முதன்முறை காற்றடித்தல்

வால்வு அடியில் வரும்படி சக்கரத்தைச் சுழற்றி நிறுத்துங்கள். பிரெஸ்டாவாயின் குட்டி நட்டைத் தளர்த்தி, ஒரு முறை இலேசாகத் தட்டிக் காற்றை விடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் வால்வு திறக்காது. வாயை நேராகச் செருகி, அதிலுள்ள நெம்பை உயர்த்திப் பூட்டுங்கள். முதுகை வளைத்துக் கைகளால் மட்டும் தள்ளாமல், முழங்கைகளை நிமிர்த்தி உடற்பாரத்தால் அமுக்குங்கள். கைப்பிடியை ஒவ்வொரு முறையும் முழு உயரத்துக்கு இழுங்கள். உருளையின் அடி சூடாவது இயல்பு, நசுங்கும் காற்று வெப்பமடைவதால் நேர்வது. முடிந்ததும் நெம்பை இறக்கி, வாயை ஆட்டாமல் நேராக இழுத்துக் கழற்றுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் பிரெஸ்டா வால்வின் தண்டு வளைந்துவிடும்.

ஆறாம் படி: பராமரிப்பு

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிசை போன்ற கடலோரங்களில் தொடர்மாடிப் பல்கனியில் பம்பை விட்டுவைத்தால், உப்புக்காற்று இரும்பு உருளையின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். அந்தத் துரு வாசரைச் சுரண்டித் தின்றுவிடும். கடலோரத்தில் வசிப்பவர்கள் அலுமினிய உருளையை வாங்கி, வீட்டுக்குள்ளேயே வைப்பது நல்லது. தோல் வாசர் உலர்ந்து பிடிப்பை இழந்தால், மூடியைக் கழற்றித் தையல் இயந்திர எண்ணெயில் சில துளிகள் விடுங்கள். இறப்பர் வளையம் உள்ள பம்புக்கு அந்த எண்ணெய் ஆகாது, இறப்பர் ஊதிப் பழுதாகலாம். அதற்குச் சிலிக்கன் கிறீஸ் சிறிதளவு போதும்.