பிகோஸ்: அவசரப்படாதவர்களுக்கான போலந்து சமையல்

பிகோஸ் என்பது புளித்த முட்டைகோஸையும் பலவகை இறைச்சியையும் சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் போலந்துப் பதார்த்தம். ஞாயிறு மதியம் அதைப் பரிமாற வேண்டுமென்றால் வியாழன் இரவே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கைவேலை அதிகமில்லை; ஆறவைத்து ஆறவைத்துச் சூடாக்குவதில்தான் இதன் ருசி இருக்கிறது. போலந்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரிய பானை நிறையச் செய்து வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் சூடாக்கிச் சாப்பிடுவார்கள்.

1682இல் போலந்தின் கிராகோ நகரில் அச்சான சமையல் நூலில் உள்ள பிகோஸில் முட்டைகோஸே கிடையாது. பொடியாக நறுக்கிய இறைச்சி அல்லது மீன், புளிப்புக்கு எலுமிச்சையோ வினிகரோ, அவ்வளவுதான். விலை குறைந்த புளித்த முட்டைகோஸ் பின்னால்தான் உள்ளே வந்தது. இன்று அது இல்லாவிட்டால் யாரும் பிகோஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆறு பேருக்குத் தேவையானவை: புளித்த முட்டைகோஸ் 1 கிலோ, பச்சை முட்டைகோஸ் அரை கிலோ, பன்றித் தோள்கறி அரை கிலோ, மாட்டிறைச்சி 300 கிராம், புகையூட்டிய சாசேஜ் 300 கிராம், பேக்கன் 150 கிராம், உலர்ந்த காளான் 30 கிராம், கொட்டை நீக்கிய உலர் பிளம்ஸ் 10, வெங்காயம் 2, சிவப்பு ஒயின் ஒரு தம்ளர். மசாலா என்று பார்த்தால் பே இலை 3, மிளகு 10, ஆல்ஸ்பைஸ் 5, ஜூனிப்பர் பழம் 5. ஆல்ஸ்பைஸுக்குப் போலந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆங்கில மூலிகை’. ஜூனிப்பர் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். காளானை மட்டும் விடாதீர்கள், பாதி மணம் அதில்தான்.

புளித்த முட்டைகோஸ் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். முட்டைகோஸும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. வினிகர் ஊற்றியதென்றால் அது ஊறுகாய், இதற்குச் சரிவராது.

வியாழன் இரவு: காளானை இரண்டு தம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

வெள்ளிக்கிழமை: அடி கனமான பெரிய பாத்திரத்தில் பேக்கனை வதக்குங்கள். அது விட்ட கொழுப்பிலேயே கறித்துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகும், சிவக்காது. அப்புறம் வெங்காயம். அது வதங்கியதும் ஒயினை ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிடுங்கள். மசாலாவையும், நறுக்கிய காளானையும், அது ஊறிய தண்ணீரையும் சேருங்கள். தண்ணீரை வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், அடியில் மண் தங்கியிருக்கும். மூடிவைத்துச் சிறுதீயில் ஒரு மணி நேரம் வேகட்டும்.

பச்சை முட்டைகோஸை மெலிதாக அரிந்து தனியே வேகவையுங்கள். முதல்முறை நான் சோம்பல்பட்டு இரண்டு முட்டைகோஸையும் ஒன்றாகவே போட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்தும் பச்சையாகப் போட்டது நறுக் நறுக்கென்றே இருந்தது. புளிப்பில் காய்கறி மெத்தென்று வேகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

புளித்த முட்டைகோஸை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். பல் கூசினால் ஒருமுறை அலசிப் பிழியலாம். அதற்குமேல் அலசினால் சக்கைதான் மிஞ்சும். கறி முக்கால் பதம் வெந்ததும் இரண்டு முட்டைகோஸையும் பிளம்ஸையும் சேருங்கள். சாசேஜை வட்டமாக நறுக்கி லேசாக வறுத்துப் போடுங்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம், மூடியைப் பாதி திறந்து, அவ்வப்போது கிளறிக்கொண்டு. உப்பை இன்னும் தொடாதீர்கள்: முட்டைகோஸ், பேக்கன், சாசேஜ் மூன்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். போலந்தின் குளிரில் பானையை பால்கனியில் வைத்துவிடுவார்களாம், நம் ஊர் வெயிலில் அந்த வேலை வேண்டாம்.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, மறுபடி ஆறவைத்து உள்ளே வையுங்கள். நிறம் கருத்துவரும், புளிப்பின் முனை மழுங்கும்.

ஞாயிறு கடைசியாகச் சூடாக்கும்போது உப்பு பாருங்கள். குழம்பு போல நீர்த்திருந்தால் மூடியை எடுத்துவிட்டு வற்றவிடுங்கள். தட்டில் வைத்தால் ஓடாமல் குவிந்து நிற்க வேண்டும். ரை (rye) என்ற தானியத்தின் மாவில் செய்த ரொட்டியோ அவித்த உருளைக்கிழங்கோ தொட்டுக்கொள்ள. மிஞ்சினால் சிறு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் போடுங்கள். அடுத்த மாதம் எடுத்துச் சூடாக்கினாலும் நன்றாகவே இருக்கும்.